செவிவழி அறிபவன்

1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கூர்மதி உடையவன், கணக்கில் தடை இல்லை. ஆயினும் ஏழு வயது முதல் ஆசிரியர்கள் அரும்பாடுபட்டும் அவனுக்குப் படிப்பு வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியில் முதல்வன் இவனே என்றார் அவனது ஆசிரியர்.

இத்தகைய பிள்ளைகள் நம் பள்ளிகளிலும் உண்டு. 'சோம்பேறி' என்னும் பட்டமே அவர்களுக்கு முதலில் கிடைக்கிறது. டிஸ்லெக்சியா எனப்படும் இவ்வாசிப்பு இடர், அறிவுக்குறைவும் அன்று. கண் கோளாறும் அன்று. சொல்லின் ஒலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்துடன் இணைப்பதில் நேரும் தடை அது. குடும்ப வழியாக வருவதும் உண்டு. மகனைக் கடிந்துகொள்ளும் தந்தை தமது பள்ளி நாட்களைச் சற்றே நினைவுகூர்வது நல்லது.

நம் எழுத்துகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கெ' என்பதில் ககர ஒலி முந்துகிறது. எகரக் குறியோ அதற்கு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இந்தியில் 'கி' எழுதும்போதும் இகரக் குறி முன்னரே வருகிறது. சரளமாகப் படிப்பவர் கவனிக்காத இவ்விடங்களில் இப்பிள்ளை மீண்டும் மீண்டும் இடறக்கூடும்.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் சென்ற நூற்றாண்டில் வகுத்த வழி, கண், செவி, நா, கை ஆகிய நான்கையும் ஒருங்கே பயிற்றுவது. எழுத்தை உரக்கச் சொல்லியபடி மணலில் விரலால் எழுதும் நம் திண்ணைப் பள்ளி வழக்கம் இதற்கு வெகு அருகில் நிற்கிறது. அங்கிருந்த பிரம்பு மட்டும் இங்கே உதவாது.

பயிற்றுபவர் நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்தால் போதும். நேற்றுக் கற்றதை முதலில் சொல்லச் செய்து, அது ஊன்றிய பின்னரே அடுத்த ஒலிக்குச் செல்ல வேண்டும். வகுப்பின் முன் உரக்கப் படிக்கும்படி வற்புறுத்தலாகாது. வரலாறும் அறிவியலும் கற்க வாசிப்பு கைவரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பாடத்தைப் படித்துக் காட்டி, விடையை வாயால் கேட்கலாம்.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத இக்குறைபாடு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. உரிய சான்றிதழ் உள்ள மாணவர் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் துணையும் பெறலாம். ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சிப் பெற்றோர் சிலர் அச்சான்றிதழைக் கேட்பதே இல்லை. அந்த அச்சத்தின் விலையைத் தேர்வறையில் செலுத்துபவன் பிள்ளை.