பைக்கில் ஒயரைக் குறைப்பது எப்படி?



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து புதுச்சேரிக்குப் போய் பைக்கில் பார்சல் கொடுக்கும் அண்ணன்மார்கள் இன்று நிறைய பேர். ஹாண்டில்பாரில் மாட்டிய செல்போனின் ஜி.பி.எஸ்.தான் அவர்களுக்கு வழிகாட்டி. போனில் சார்ஜ் இறங்கினால் அன்றைய வருமானமும் இறங்கும். என் அண்ணனும் அப்படித்தான் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அதனால், "நீதான் படிக்கிறியே, இந்த ஒயரைச் சரி பண்ணுடா" என்று வேலை என்னிடம் வந்தது. இரண்டு மீட்டர் ஒயரைச் சுருட்டி டாங்க் அடியில் திணித்து வைத்திருந்தார்கள். மிச்சத்தை வெட்டினால் போச்சு என்று தோன்றும். ஆனால் எதை, எங்கே, எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் நாம் படித்த பாடம் உதவுகிறது.

1. எந்தப் பக்கம் குறைப்பது?

பேட்டரி 12 வோல்ட், போனுக்கு வேண்டியது 5 வோல்ட், நடுவில் கன்வெர்ட்டர். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.035 ஓம் மின்தடை. 2 மீட்டர் ஒயர் என்றால் போகவும் வரவும் 4 மீட்டர், ஆக 0.14 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.28 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் இது பெரிய நஷ்டமில்லை. 5 வோல்ட்டில் போனுக்குக் கிடைப்பது 4.72 தான். மலிவான யூ.எஸ்.பி. கேபிளில் செம்பு இன்னும் மெலிசு, இழப்பு இன்னும் அதிகம். சார்ஜ் ஆவதாகக் காட்டியும் சதவீதம் ஏறாமலிருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். எனவே கன்வெர்ட்டரை மழை படாதபடி ஹெட்லைட் பக்கம் வையுங்கள். நீளமான ஓட்டம் 12 வோல்ட்டில் இருக்கட்டும். 5 வோல்ட் ஒயர் அரை மீட்டருக்குள் இருந்தால் அதே கனமுள்ள ஒயரில் இழப்பு 0.07 வோல்ட்தான்.

2. அளவெடுப்பது

ஹாண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்பிப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். கழுத்துப் பகுதியில் ஒரு சிறு வளைவு தளர்வாக நிற்கட்டும். இறுக்கமாக இழுத்தால் உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறும். ரொம்ப தொங்கினால் திருப்பும்போது சிக்கி ஆளையே சாய்த்துவிடும். நினைவிருக்கட்டும், வெட்டிய ஒயர் வளராது.

3. இணைப்பு

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம்ம ஊர் வழக்கம். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகி அவிழ்ந்துவிடும். சால்டர் வைத்தால், ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒயர் முறியலாம். லக் வைத்து கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஸ்லீவ் போடுவதே நல்லது. சைலன்சர் பக்கம் ஒயரைக் கொண்டு போகாதீர்கள்.

4. ஃப்யூஸ்

பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் போட வேண்டும். தள்ளிப் போட்டால், இடைப்பட்ட ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது காக்க ஆளில்லை. மேலே இருப்பது பெட்ரோல் டாங்க் என்பதை மறக்க வேண்டாம். சார்ஜருக்கு மின்சாரம் இக்னிஷன் சாவிக்குப் பிறகே வரட்டும். நேரடியாகக் கொடுத்தால், 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் சிறு கருவிகூட 4 ஆம்பியர்-மணி பேட்டரியை 80 மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

5. வெட்டக் கூடாத ஒயர்

தனி ஜி.பி.எஸ். கருவியின் ஆன்டெனா ஒயர் சாதாரண ஒயர் அல்ல, கோஆக்சியல் கேபிள். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை அது சுமக்கிறது. வெட்டி முறுக்கினால் நடுக் கம்பிக்கும் சுற்றியுள்ள வலைக்கும் உள்ள அமைப்பு குலைந்து சிக்னல் கெடும். இந்தியாவில் 2009 இறுதியோடு நின்றுபோன வேர்ல்ட்ஸ்பேஸ் சாட்டிலைட் ரேடியோவின் ஆன்டெனா ஒயருக்கும் இதே விதிதான். மிச்சத்தை உள்ளங்கை அகல வளையமாகச் சுற்றி, சீட்டுக்கு அடியில் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

நண்பர்களே, இதில் புது விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஓம் விதியும் கொஞ்சம் பொறுமையும்தான். ஒரு லக், ஒரு ஃப்யூஸ், ஒரு ஸ்லீவ் செலவில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு பத்திரமாக ஓடும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி நிற்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே அதன் சீட்டைக் கழற்றிப் பாருங்கள்!