சால்செடோவின் தரை: ஒரு வாசகருக்குப் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ பற்றி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. காணாமல் போனவர்களுக்காகக் குரல் கொடுத்தவர், கடைசியில் அரசு கேட்ட நினைவுச் சின்னத்தைச் செய்து கொடுத்துவிட்டாரே என்ற உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அதை நான் ஏற்கவில்லை.

1985 நவம்பர் 6 அன்று எம்-19 கெரில்லாக்கள் பொகோட்டாவின் நீதி மாளிகையைக் கைப்பற்றினார்கள். ராணுவம் கவச வண்டிகளோடு உள்ளே புகுந்தது. மறுநாள் எல்லாம் ஓய்ந்தபோது ஏறக்குறைய நூறு பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேர். சிற்றுண்டிச்சாலை ஊழியர்கள் சிலர் என்ன ஆனார்கள் என்பது பல ஆண்டுகளுக்குத் தெரியவில்லை. 2002இல் அதே தேதியில், அதே இடத்தில் எழுந்திருந்த புதிய மாளிகையின் கூரையிலிருந்து சால்செடோ ஆளில்லாத நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோடு இறக்கினார். முதல் உயிர் பிரிந்த நேரத்தில் தொடங்கி 53 மணி நேரம். மொத்தம் 280 நாற்காலிகள்.

யார் கொன்றார்கள் என்று அந்த நாற்காலிகள் சொல்லவில்லை. அன்று அதைக் கோழைத்தனம் என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கலாம். ஆனால் காலம் என்ன செய்தது பாருங்கள். எம்-19 1990இல் ஆயுதத்தைக் கீழே வைத்தது. அதன் முன்னாள் உறுப்பினர் குஸ்தாவோ பெட்ரோ 2022இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். (மாளிகைத் தாக்குதலின்போது அவர் சிறையில் இருந்தார்.) குற்றவாளியின் பெயரை எழுதி வைத்த படைப்பாக இருந்திருந்தால், ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு தரப்பு அதைத் தூக்கிப் பிடித்திருக்கும், மறு தரப்பு மறைத்திருக்கும். இறந்தவர்களை மட்டும் எண்ணியதால் அது எந்த ஆட்சிக்கும் வசதியாக இல்லை.

2016இல் நடந்தது வேறு. ஃபார்க் கெரில்லா அமைப்போடு அரசு செய்த அமைதி ஒப்பந்தம் அக்டோபர் 2 வாக்கெடுப்பில் நூலிழையில் தோற்றது. சில நாட்களிலேயே சால்செடோ பொகோட்டாவின் பொலிவார் சதுக்கம் முழுவதையும் வெள்ளைத் துணியால் மூடினார். போரில் பலியான ஏறக்குறைய 2,000 பேரின் பெயர்களைச் சாம்பலால் எழுதிய துணிகளைப் பொதுமக்களே ஊசி நூலோடு உட்கார்ந்து தைத்து இணைத்தார்கள். சதுக்கத்தில் அமைதிக்காகக் கூடாரம் அடித்திருந்தவர்களை அது ஓரம் தள்ளிவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். உயிரோடு போராடுகிறவருக்கு இடம் விடாத அஞ்சலி முழுமையானதாகாது.

இனி நீங்கள் கேட்ட 'ஃபிராக்மென்டோஸ்' நினைவுச் சின்னம். ஃபார்க் ஒப்படைத்த ஆயுதங்களை உருக்கி நினைவுச் சின்னங்கள் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. பொகோட்டாவில் அதைச் செய்யும் பொறுப்பு சால்செடோவிடம் வந்தது. தூண் எழுப்பியிருக்கலாம், சிலை வைத்திருக்கலாம். அவர் 37 டன் ஆயுத உலோகத்தைத் தரையாக்கினார். போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் சுத்தியலை எடுத்து உலோகத் தகடுகளை அடித்து நெளித்தார்கள். அந்த நெளிவுகளிலிருந்து அச்செடுத்து ஓடுகளை வார்த்தார்கள். அந்தப் பெண்களில் சிலரை வதைத்தது இதே ஆயுதங்கள் ஏந்தியவர்கள். வேறு சிலரை வதைத்தது அரசின் பக்கம் நின்றவர்கள். அரசு கேட்ட வேலைக்குள் அரசின் குற்றத்தையும் கொண்டுவந்து சேர்த்தவரை விலைபோனவர் என்று எப்படிச் சொல்வது?

2018 டிசம்பரில் அது திறக்கப்பட்டபோது ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்த இவான் டூகே ஆட்சிக்கு வந்திருந்தார். அடுத்த ஆண்டே ஃபார்க்கின் முன்னாள் தளபதிகள் சிலர் மீண்டும் ஆயுதம் எடுத்தார்கள். முடிந்த போருக்கான சின்னமாக நினைத்தது முடியாத போரின் நடுவே நின்றது. வெற்றியைக் கொண்டாடும் உயரமான தூணாக இருந்திருந்தால் அது அன்றே பொய்யாகியிருக்கும். தரைக்கு அந்தச் சங்கடம் இல்லை. அமைதி வந்துவிட்டது என்று அது எங்கும் சொல்லவில்லையே. மற்றக் கலைஞர்களும் அங்கே வந்து தங்கள் படைப்புகளை வைக்கிறார்கள்; சால்செடோவோடு உடன்படாதவரும் அந்த ஓடுகள்மேல் நின்றுதான் பேச வேண்டும்.

சுத்தியல் பிடித்த பெண்கள் தாங்களே பேசும் ஆவணப்படம் ஒன்று இருக்கிறது. சால்செடோவின் பேட்டிகளைப் படிப்பதற்கு முன் அதைப் பாருங்கள். அதன் பிறகும் உங்கள் வருத்தம் மாறவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.