முன்சில்லு நடுக்கம்: காரணமும் திருத்தமும்

நான்கு சில்லும் இழுக்கும் பழைய ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வாகனங்களில் இரு முன்சில்லுகளையும் ஒரே முழு அச்சுத் தாங்குகிறது. வேகமாக ஓடும்போது ஒரு சில்லு குழியில் விழுந்தெழும்ப, இரண்டு சில்லுகளும் இடமும் வலமுமாக உதறத் தொடங்குவதுண்டு. அப்போது ஸ்ரியரிங் கைக்கு அடங்காது. பின்னால் மூட்டைகளும் ஆட்களும் இருந்தால் பேராபத்து.

ஒரு சில்லின் உதறல் பிணைப்புத் தண்டு வழியே மற்றதற்குப் போகும். மூட்டுகள் இறுக்கமாயிருந்தால் அது உடனே அடங்கும். தேய்ந்திருந்தால் மேலும் பெருகும்.

ஓடும்போது நடுக்கம் வந்தால் சடுதியாகப் பிறேக்கை மிதிக்காதீர்கள். ஸ்ரியரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்து, அக்சிலேற்றரை விட்டு, மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள்.

பின்னர் செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள்.

1. ரயர்: இரு முன் ரயர்களிலும் காற்றுச் சமமா? வீக்கம், ஒருபக்கத் தேய்வு, றிம் வளைவு, ஒட்டிய சேறு உண்டா? சில்லு நட்டுகளை இறுக்குங்கள்.

2. ஸ்ரியரிங் மூட்டுகள்: சில்லுகள் நிலத்தில் இருக்க, ஒருவர் ஸ்ரியரிங்கைச் சிறிது இடமும் வலமும் திருப்பட்டும். மற்றவர் கீழே பார்க்கட்டும். ஒரு தண்டு அசைந்தும் அதனோடு பூட்டிய அடுத்தது அசையப் பிந்தினால், இடையிலுள்ள மூட்டுத் தேய்ந்துள்ளது. ஸ்ரியரிங் பெட்டியின் போல்ற்றுகளையும் பாருங்கள்.

3. பெயரிங்: பின்சில்லுக்குக் கல் வைத்து, முன் அச்சை ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கியில் இருத்துங்கள். சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிறேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் சில்லுப் பெயரிங்கில் பிழை. மறையாவிட்டால் கிங்பின் பெயரிங்கில் பிழை.

4. ஸ்பிரிங்: தகட்டு ஸ்பிரிங்கின் றப்பர் புஷ்கள் கிழிந்துள்ளனவா, யூ போல்ற்றுகள் தளர்ந்துள்ளனவா எனப் பாருங்கள். சுருள் ஸ்பிரிங் வாகனமாயின், அச்சைச் சட்டத்தோடு குறுக்காக இணைக்கும் தண்டின் இரு முனைகளையும் முதலில் பாருங்கள்.

தேய்ந்த மூட்டை ஒட்டவைத்துச் சமாளிக்காமல் புதிதாக மாற்றுங்கள். பழைய பூட்டு ஊசியை மீண்டும் போடாதீர்கள். மூட்டு மாற்றியபின் கராஜில் சில்லு நேர்மையையும் ரயர் சமநிலையையும் பார்ப்பிக்க வேண்டும்.

ஸ்ரியரிங் டம்பரை மட்டும் மாற்றினால் நடுக்கம் சிலகாலம் மறையலாம். உள்ளே தேய்வு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே மற்ற யாவும் சரியான பின்பே டம்பரைக் கவனியுங்கள்.

பிழை திருந்தும்வரை அந்த வாகனத்தில் ஆட்களை ஏற்றாதீர்கள்.