விளம்பரத்துக்குக் காசு வாங்கினவங்களுக்குப் பொறுப்பு கிடையாதா?

சுவாமிமலையில் சிலை வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் ஒருத்தர் பல வருஷமா என் கிளையன்ட். மெழுகுல ஒரு விரல் கோணலா இருந்தாக்கூட மொத்தத்தையும் உருக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கிற மனுஷன். அவர் போன மாசம் ஆபீசுக்கு வந்து, "தம்பி, ஒரு தப்பு பண்ணிட்டேன்"னு உட்கார்ந்தார்.

போனில் ஒரு விளம்பரம். நிதி அமைச்சரே பேசுற மாதிரி வீடியோ. ரூ.21,000 போட்டால் மாசம் பல லட்சம். தொட்டதும் ஒரு வாட்ஸ்அப் குரூப், அப்புறம் ஒரு ஆப். ஆப்பில் லாபம் ஏறிக்கிட்டே போச்சு. மூணு தவணையா ரூ.2,80,000 அனுப்பியிருக்கார். பணத்தை எடுக்கப் போனப்போ, "முதல்ல 20% வருமான வரி கட்டுங்க"ன்னு மெசேஜ். அங்கதான் சந்தேகம் வந்து என்கிட்ட வந்தார்.

இதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கோங்க. இந்தியாவில் குடியிருக்கிற ஒருத்தர் ஷேர் வித்து லாபம் பார்த்தா, அந்த வரியை எந்த புரோக்கரும் முன்கூட்டி கேட்டு வாங்க மாட்டார். அட்வான்ஸ் டாக்ஸாகவோ ரிட்டர்ன் போடும்போதோ நாமளே அரசுக்குக் கட்டணும். "வரி கட்டினாத்தான் பணம்"னு சொன்னா அது மோசடி. இன்னொரு கொடுமை: இவர் பேர்ல ஷேரே வாங்கப்படலை. அதனால இந்த நஷ்டத்தை மூலதன நஷ்டமாக் கணக்குல காட்டவும் வழியில்லை.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "பேப்பர்ல விளம்பரம் கொடுக்கப் போனா, ஆள் யாருன்னு பார்ப்பான்ல? இவங்க பார்க்க மாட்டாங்களா?"

சட்டம் என்ன சொல்லுது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 79. மத்தவங்க போடுற விஷயத்துக்கு, அதைத் தாங்கி நிக்கிற தளம் பொறுப்பில்லைன்னு ஒரு பாதுகாப்பு. 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்குல உச்ச நீதிமன்றம், கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வந்த பிறகும் நீக்கலைன்னாத்தான் அந்தப் பாதுகாப்பு போகும்னு விளக்கியது. 2021-ல் வந்த ஐடி விதிகள் நீக்குறதுக்கு ஆரம்பத்துல கொடுத்த கெடு 36 மணி நேரம். நம்ம ஆள் பணம் அனுப்ப எடுத்துக்கிட்டது அதைவிடக் குறைவு!

ஆனா இந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் உண்டு. செய்தி யாருக்குப் போகணும்னு தளம் தேர்ந்தெடுக்கக் கூடாதுங்கிறது அதுல ஒண்ணு. யாரோ போடுற சாதாரண பதிவு வேற, காசு கொடுத்த விளம்பரம் வேற. விளம்பரத்துல தளம் கட்டணம் வாங்குது, எந்த வயசு, எந்த ஊர், யாருக்குக் காட்டலாம்னு தானே கணக்குப் போடுது. என் பார்வையில் இது வெறும் தபால்காரர் வேலை இல்லை. டெல்லி உயர் நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில், ஒரு டிரேட்மார்க் வழக்குல, கூகுள் தன் விளம்பரத் திட்டத்துல செயல்படும் பங்காளி, மீறல் நிரூபணமானா பிரிவு 79-ஐக் காட்டித் தப்பிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அது மோசடி விளம்பர வழக்கு இல்லை. ஆனாலும் நமக்கு உதவுற வாதம்.

காசு எவ்வளவுன்னு பாருங்க. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி: மோசடி, தடை செய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்கள் மூலமா 2024 வருமானத்தில் சுமார் 10% வரும்னு மெட்டாவின் உள் ஆவணங்களே கணித்திருக்கு. ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர்னு 95% உறுதியானாத்தான் தடை, அதுக்குக் கீழன்னா கூடுதல் கட்டணம்! அந்த ஆவணங்கள் முழுப் படத்தைக் காட்டலை, 10% மிகைக் கணிப்புன்னு மெட்டா மறுத்தது. ஒரு ஆடிட்டரா எனக்கு அந்த 95%தான் உறுத்துது.

நம்ம பக்கம் செபி ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. 2025 மார்ச்சில், கூகுள், மெட்டா மாதிரி தளங்கள்ல விளம்பரம் பண்ற பதிவு பெற்ற நிறுவனங்கள், செபியிடம் கொடுத்த அதே இமெயில், போன் நம்பரோட அங்க பதிவு செய்யணும், தளம் அதைச் சரிபார்க்கும்னு ஏற்பாடு. 2025 அக்டோபர் முதல், செபி பதிவு பெற்றவங்களோட யுபிஐ முகவரியில் '@வேலிட்'னு (ஆங்கில எழுத்துல) இருக்கும். 'செபி செக்' வசதியில் பேங்க் அக்கவுண்டையும் சரிபார்க்கலாம். இவர் அனுப்பின மூணு அக்கவுண்டும் ஏதோ தனிநபர்கள் பேர்ல. ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

2021 கும்பகோணம் 'ஹெலிகாப்டர் பிரதர்ஸ்' விவகாரத்துலயாவது எந்த வாசல்ல போய் நிக்கணும்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சது. இங்க வாசலே இல்லை.

அதனால வேகம் முக்கியம். உடனே 1930-க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது விளம்பரதாரர் பேரும் லிங்க்கும் தெரியணும். ரிப்போர்ட் பட்டனோட நிறுத்தாம, தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்க. 24 மணி நேரத்தில் ஒப்புகை, 7 நாளில் முடிவு தரணும். திருப்தி இல்லைன்னா 30 நாளுக்குள்ள மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், இலவசம். பலருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

நம்ம கிளையன்ட்டுக்கு மூணாவது தவணையில் ரூ.40,000 மட்டும் முடக்கப்பட்டிருக்கு. அதை விடுவிக்க கோர்ட்டில் மனு போட்டிருக்கோம். போன செவ்வாய்க்கிழமை ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அதே வீடியோ, விளம்பரதாரர் பேர் மட்டும் வேற.