நுரையீரலும் அதன் காவலரும்

2020, 2021-ஆம் ஆண்டுகளில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லியாகிய எம் ஊர்ப்புறங்களிற் கொரோனா கண்டவருட் சிலர், காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரங் கழிந்தபின் மூச்சுக்குத் திணறினர். பிராணவாயு உருளை எங்குக் கிட்டுமென வினவித் திரிந்தோரைப் பள்ளிச் சிறுவராயிருந்த யாமுங் கண்டோம். கடுஞ் சுவாசத் திணறல் என வழங்கும் இந்நிலையை 1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர், 12 நோயாளரிடங் கண்டு விளங்க எழுதினர்.

நுரையீரலிற் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள. அவற்றின் சுவர் மிக மெல்லியது. ஒருபுறங் காற்று, மறுபுறம் இரத்தம். அங்குக் காவலிருக்கும் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள், கிருமியைக் கண்டவுடன் சைட்டோகைன் என்னும் பொருள்களை விடுத்துத் துணையழைக்கின்றன. இரத்தத்தினின்று நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு புகுகின்றன. அவை சொரியும் நொதிகள் கிருமி இது, சுவர் இது எனப் பிரித்தறியா. சுவர் பழுதுறவே, புரதம் மிகுந்த நீர் கசிந்து அறைகளை நிரப்பும். பின்னர் மூச்சை எத்துணை இழுப்பினும் பிராணவாயு இரத்தத்தைச் சேர்வதரிது. அழல் என்பதனடியாகப் பிறந்ததன்றோ அழற்சி என்னுஞ் சொல்! தமிழ் பயிலும் எமக்கு அதன் பொருத்தம் இப்பொழுதே விளங்கிற்று.

அங்ஙனமாயின் காவலரை அடக்குதல் நன்றோ? பிரித்தானியாவில் நடந்த ரெகவரி ஆய்வு 2020-இல் இதற்கு விடை தந்தது. டெக்சாமெதசோன் என்னும் மலிவான மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்தோருள் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. பிராணவாயு வேண்டாதோருக்கோ பயனேதுந் தந்திலது. இதனையறியாது, எம் தெருவிற் சிலர் காய்ச்சல் கண்ட அன்றே அம்மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்கினர். கிருமியோடு பொருதற்குக் காவலர் வேண்டிய நாள்கள் அவையே.