பொருந்தினால்தான் இணையும்

நுழையும்முன்

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் 217 அடி உயரமுடையது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அப்பணியைத் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் நிறைவு செய்தார். தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர். ஆயினும் பதினொரு நிலைகளும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. ஒருவர் உருவாக்கிய நிரலை மற்றொருவர் நிரலோடு இணைக்கும் கணினிப் பணிக்கும் இத்தகைய பொருத்தம் இன்றியமையாதது.

நிரல் நூலகம்

ஒவ்வொரு மென்பொருளையும் முதலிலிருந்தே எழுதுவார் இலர். கோப்பைச் சுருக்குதல், படத்தைத் திறத்தல் முதலிய பொதுப்பணிகளுக்காக முன்னரே எழுதி வைக்கப்பட்ட நிரல்களின் தொகுதியே நிரல் நூலகம். மூல நிரலை எந்திர மொழிக்கு மாற்றுவது நிரல்பெயர்ப்பி. மாற்றிய பகுதிகளை ஒன்றாக்குவது இணைப்பி. விண்டோஸ் இயக்க அமைப்பில் மைக்ரோசாஃப்டின் விசுவல் சி++, ஜிசிசி வழிவந்த மின்ஜிடபிள்யூ என்னும் இரண்டும் பெரிதும் வழங்குகின்றன. பள்ளிகளில் பயிலும் டெவ் சி++ மின்ஜிடபிள்யூவைத் துணைக்கொள்கிறது.

பெயர் திரிதல்

பொன்னும் குடமும் புணரும்போது பொற்குடம் எனத் திரிகிறது. புணர்ச்சி விதி தமிழர்க்குப் பொதுவாதலால் அச்சொல் எவர்க்கும் விளங்குகிறது. சி++ மொழியிலும் பெயர்கள் திரிகின்றன. ஒரே பெயரில் பல செயற்கூறுகள் அமையலாம் ஆதலின், அவற்றை வேறுபடுத்த நிரல்பெயர்ப்பி ஒவ்வொரு பெயரோடும் அளபுருக்களின் வகையைக் குறிக்கும் எழுத்துகளைச் சேர்க்கிறது. ஆனால், இங்கு விதி பொதுவன்று. ஜிசிசி திரித்த பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். விசுவல் சி++ திரித்த பெயர் வினாக்குறியில் தொடங்கும். 1998இல் வெளியான சி++ பன்னாட்டுத் தரமும் திரிக்கும் முறையை வரையறுக்கவில்லை. எனவே, ஒன்று உருவாக்கிய சி++ நூலகத்தை மற்றொன்றின் இணைப்பி தேடினால், செயற்கூறு இருந்தும் இல்லையென்றே அறிவிக்கும்.

பிற பொருத்தங்கள்

32 பிட் நிரல் 64 பிட் நூலகத்தை ஏற்காது. ஒரு சூழல் பெற்ற நினைவக இடத்தை வேறொரு சூழல் விடுவிக்க முயன்றால் நிரல் இடையிலேயே நின்றுவிடக்கூடும். விசுவல் ஸ்டுடியோ 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளின் நூலகங்கள் தம்முள் பொருந்தும். இணைப்பி மட்டும் அவற்றுள் புதியதாக இருத்தல் வேண்டும். அதற்கு முற்பட்ட பதிப்புகளுக்கு அவ்வுறுதி இல்லை.

ஐயமும் தெளிவும்

பள்ளிக் கணினியில் இயங்கிய நிரல் வேறிடத்தில் பிழை காட்டும்போது மாணவர் பலர் தம் அறிவையே ஐயுறுகின்றனர். சரியான நிரலை அழித்து மீண்டும் எழுதுகின்றனர். சிலர் கணினி தமக்கு வாராது என ஒதுங்கியும் விடுகின்றனர். பிழை எழுதியவரிடம் இல்லாது சூழலில் இருக்கலாம். நிரல்பெயர்ப்பியின் பெயர், பதிப்பு, பிட் அளவு ஆகிய மூன்றையும் முதலில் ஒப்பிடுதல் நன்று. மூல நிரல் கிடைப்பின், நூலகத்தையும் தம் நிரலையும் ஒரே நிரல்பெயர்ப்பியால் மாற்றுவதே உறுதியான வழி. சி மொழி முறையில் செயற்கூறுகளை வெளிப்படுத்தும் நூலகங்கள் பெரும்பாலும் இரு சூழலுக்கும் உதவும். காரணம் அறிந்து தேடுவோர்க்குப் பிழைச்செய்தியும் வழிகாட்டியே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினியிலுள்ள நிரல்பெயர்ப்பியின் பெயர், பதிப்பு, பிட் அளவு ஆகியவற்றைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. புணர்ச்சியில் நிகழும் திரிதலையும் சி++ மொழியின் பெயர் திரிதலையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.