கைகொடுத்து எழுப்பும் ஊழியம்

வேதபாடம்: மாற்கு 1:29–31, 1 இராஜாக்கள் 19:4–8

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள் பெரும்பாலும் ஒரே விண்ணப்பத்தையே ஏறெடுக்கிறார்கள்: "ஆண்டவரே, உயிரை மட்டும் தாரும்." அவர்களோடு சேர்ந்து நானும் அநேகந்தரம் அப்படியே ஜெபித்திருக்கிறேன். ஆனால் உயிர் பிழைத்தவர் எழுந்து நிற்க வேண்டாமா? தம் கையால் உணவை எடுத்து உண்ண வேண்டாமா? இம்முறை நாம் படிக்கப்போகும் பாடம் அதைப்பற்றியதே.

1. நான் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் இடத்தில் நான் ஊழியம் செய்த காலம். திற்பரப்புப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் சகோதரர் ஒருவர் எலிக்காய்ச்சலால் தாக்கப்பட்டு, நுரையீரலும் பாதிக்கப்பட்டு, வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டிருந்தார். நாள்தோறும் இயன்முறைச் சிகிச்சை செய்யும் சகோதரி வந்து அவருடைய கைகால்களை மடக்கி நீட்டுவார். முதுகைத் தட்டிச் சளியை இளக்குவார். ஆபத்தான கட்டம் கடந்ததும் அவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைக்க முயன்றார். அவர் வலியால் முகம் சுளித்தார்.

அவருடைய மனைவி என் கைகளைப் பற்றிக்கொண்டு, "அய்யா, அவியள கொஞ்சம் சும்மா கெடக்க விடச் சொல்லுங்க" என்று அழுதார். நானும் மனமிரங்கி, "அவர் ஓய்வெடுக்கட்டும், அம்மா" என்று அந்தச் சகோதரியிடம் சொன்னேன். பெரியவர் சொல்கிறாரே என்று அவரும் விட்டுவிட்டார். அதை இரக்கம் என்றே நான் நினைத்தேன்.

அவர் பிழைத்தார். ஆலயத்தில் ஸ்தோத்திர ஜெபமும் செய்தோம். ஒரு மாதம் சென்று அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழ முயன்றார், முடியவில்லை. பால்வெட்டும் கத்தியை அவர் விரல்கள் இறுகப் பிடிக்கவில்லை. மனைவி, அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய சில நாட்கள்தான் இதற்கெல்லாம் காரணம் என்று சொல்ல முடியாது, வியாதியே கொடியது. ஆயினும், எனக்குத் தெரியாத காரியத்தில் இரக்கத்தின் பெயரால் குறுக்கிட்டேன் என்பது அன்றைக்கு என்னைக் குத்தியது.

2. அசையாத உடலுக்கு நேரிடுவது

ஆரோக்கியமுள்ளவருக்குப் படுக்கை இளைப்பாறுதல். கடும் வியாதியுள்ளவருக்கோ அதுவே மற்றொரு சோதனையாகிறது. நோயின் வேகத்தில் உடல் தன் தசையையே கரைத்து எரிக்கிறது. அசைவும் இல்லாதபோது அந்த நஷ்டம் இரட்டிப்பாகிறது. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் தொடைத்தசை பத்தே நாளில் சுமார் 18 சதவீதம் சுருங்கியது கண்டறியப்பட்டது. மூட்டுகள் இறுகுகின்றன, சளி தேங்குகிறது, படுக்கைப் புண் உண்டாகிறது. மூச்சை இழுக்கும் தசையும் பலவீனமடைவதால் கருவியை எடுப்பதும் தாமதமாகிறது.

3. கைகளில் தொடங்கிய சிகிச்சை

தீவிர சிகிச்சை என்றவுடன் இயந்திரங்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அது தொடங்கிய கதையோ வேறு. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர், மரணத் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். பின்பு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகே அமர்ந்து அந்தப் பைகளை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுவே. இயந்திரத்துக்கு முன்னே மனிதக் கைகள் இருந்தன.

சீமோனுடைய வீட்டில் நடந்ததைக் கவனியுங்கள். அவனுடைய மாமியார் ஜுரமாய்க் கிடந்தார். ஆண்டவர் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லியே சுகமாக்கியிருக்கலாம். அவரோ அருகே சென்று கைகொடுத்து எழுப்பினார். ஜுரம் நீங்கியதோடு காரியம் முடியவில்லை. அந்தத் தாயார் தம் வீட்டு வேலையைச் செய்து அவர்களுக்குப் பணிவிடை செய்தார் என்பதையும் மாற்கு எழுதிவைத்தார். பூரண சுகம் அதுவே.

4. ஓய்வும் உண்டு, எழுதலும் உண்டு

அப்படியானால் எல்லாரையும் உடனே எழுப்பி நடத்த வேண்டுமா? இங்கேயும் ஞானம் தேவை. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில் கருவியில் இருந்த 104 பேர் இடம்பெற்றார்கள். தொடக்கத்திலேயே பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதத்தினர், மருத்துவமனையை விட்டுப் போகும்போது தங்கள் காரியங்களைத் தாங்களே செய்யும் நிலையில் இருந்தார்கள். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 35 சதவீதத்தினரே அப்படி இருந்தார்கள். ஆனால் 2022இல் வெளியான, 750 பேரை உட்படுத்திய பெரிய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வழக்கமான அளவைவிட அதிகமாக அசைவித்ததால் கூடுதல் நன்மை காணப்படவில்லை. இருதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் முதலியவற்றில் கோளாறுகளும் அதிகம் ஏற்பட்டன.

இதை வாசித்தபோது சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்த எலியாவை நினைத்தேன். தூதன் அவனைத் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். அவன் உண்டு மறுபடியும் படுத்தபோது தூதன் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாந்தரம் வந்து தட்டி உண்ணச் செய்த பிறகே அவன் ஓரேபுக்குப் புறப்பட்டான். தொடுதல், உணவு, ஓய்வு, மறுபடியும் தொடுதல், அதன் பின்பே நடை.

நல்ல இயன்முறைச் சிகிச்சையும் இந்த வரிசையிலேயே செல்கிறது. முதலில் நாடி, இரத்த அழுத்தம், பிராணவாயு அளவு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். மயக்கத்தில் இருந்தால் கைகால்களை மெதுவாக அசைப்பதும் புரட்டிப் படுக்கவைப்பதும். விழித்தபின் தாமே அசைக்கச் செய்வது. பிறகு கட்டில் ஓரத்தில் உட்காருவது, நாற்காலி, நிற்பது, சில அடி நடை. அளவு மீறினால் நிறுத்திவிடுகிறார்கள். நோயாளி நடக்கும்போது குழாய்களைப் பிடிக்க ஒருவர், தாங்க ஒருவர், நாற்காலியோடு பின்னே வர ஒருவர். எத்தனை கைகள் வேண்டியிருக்கின்றன பாருங்கள்!

5. வேலூரில் ஒரு சாட்சி

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸை உங்களில் பலர் அறிவீர்கள். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அதற்கான துறையை வேலூரில் நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய கால்கள் திரும்பவும் நடக்கவில்லை. ஆனாலும் அவர் அநேகரை எழுப்பினார். நடக்க முடியாமற்போனவரைத் தேவன் தள்ளிவிடுவதில்லை என்பதையும் நாம் இதில் கற்றுக்கொள்ளலாம்.

6. நம்முடைய பங்கு

பிரியமானவர்களே, காணிக்கை கேட்கும்போது கருவிகளின் பெயரைச் சொல்வது எங்களுக்கு எளிது. அவற்றைப் படம் பிடித்துக் காட்டலாம். பெயர்ப் பலகையும் வைக்கலாம். ஒரு சகோதரி அரைமணி நேரம் பொறுமையாக ஒருவருடைய கையைப் பிடித்து நிற்பதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஆனால் அந்த அரைமணி நேரத்தையும் உங்கள் காணிக்கையே தாங்குகிறது.

அந்தப் பால்வெட்டும் சகோதரர் பல மாதப் பயிற்சிக்குப் பின் மறுபடியும் தோட்டத்துக்குப் போனார். முதன்முதல் வெட்டிய நாளில் எனக்குச் சொல்லி அனுப்பினார். அன்று தொடங்கி, வாசலில் நிற்போரோடு நான் ஏறெடுக்கும் ஜெபம் மாறியிருக்கிறது: "ஆண்டவரே, உயிரைத் தாரும்; எழும்பப் பெலனையும் தாரும்; எழுப்பும் கைகளையும் தாரும்."

சிந்தனைக்கு

1. உங்கள் வீட்டில் வியாதியாயிருப்பவருக்கு அன்பினால் எதைத் தடுக்கிறீர்கள்? மருத்துவரிடம் கேட்டுத்தான் தடுக்கிறீர்களா?
2. தீவிர சிகிச்சையிலிருந்து வீடு திரும்பிய ஒருவர் உங்கள் சபையில் உண்டா? அவரைச் சந்தித்து, கைபிடித்து நாலு அடி நடக்க யார் போவார்கள்?

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்
திற்பரப்பு